பாப்போவிச் தண்ணீரும் பழுத்த இலைகளும்

ஓரெஸ்ட் பாப்போவிச் பேஸ்மெண்டுக்கு இறங்கி விளக்கைப் போட்டதும் செய்த முதல் காரியம், அங்கிருந்த நாலு செடிகளையும் பார்த்துக் கெட்ட வார்த்தை சொன்னது. இரண்டாவது காரியம், ஒவ்வொரு தொட்டியையும் தூக்கிப் பார்த்து, கனம் குறைந்திருந்ததற்குத் தண்ணீர் ஊற்றியது. மூன்று வாரமாக இதே வேலைதான்.

நாலும் கஞ்சாச் செடிகள். வீட்டுக்கு நாலு வளர்க்கலாம் என்பது அந்த நாட்டுச் சட்டம், ஓரெஸ்ட் சட்டத்தை மதிக்கிறவன். ஜனவரியில் நாற்றாக வந்தபோது விறைப்பாக நின்றவை, இப்போது அடி இலையெல்லாம் மஞ்சளாகப் பழுத்து, நுனி கருகி, மேல் இலைகள் துவண்டு, துக்க வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தன. மண் காய்ந்திருந்தால் வாட்டத்துக்கு ஒரு காரணம் சொல்லலாம். விரலை விட்டுப் பார்த்தால் ஈரம். ஈரத்தில் நின்றுகொண்டு ஒரு செடி எதற்காக வாட வேண்டும்? தண்ணீரையே தொழிலாக வைத்திருந்த ஒருவன் வீட்டில் இப்படி நடந்தால் மானம் போகுமா போகாதா?

"தண்ணி அதிகமா ஊத்துறியோ என்னவோ" என்று மாடிப்படியில் நின்றபடி கேட்டாள் அடெல். அவன் மனைவி.

"எனக்கே தண்ணியைப் பத்திப் பாடமா? நாப்பது வருஷம் பிளம்பர் வேலை பாத்தவன்டி நான்."

"அதான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு அவள் மேலே போய்விட்டாள்.

அறுபத்தெட்டு வயதுக்காரனை அவன் இவன் என்கிறேனே என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். கார்ல்ஸ்பியில் பாதிரியாருக்குக்கூட அவ்வளவுதான் மரியாதை. சஸ்காச்சுவான் மாகாணத்தின் நடுவில், கோதுமை வயல்களுக்கிடையே, பனியில் பாதி புதைந்து கிடக்கிற ஊர் அது. பூமியைத் துளைத்தால் வருவது சுண்ணாம்புத் தண்ணீர். கெண்டிக்குள் ஓடு கட்டும், துணியை மரக்கட்டையாக்கும், சோப்பு நுரைக்கவே நுரைக்காது. அந்தத் தண்ணீரை மென்மையாக்கும் ஸாஃப்ட்னர் மெஷினை ஊர் முழுக்க மாட்டியவன் ஓரெஸ்ட். இடுப்பளவு உயரத்தில் ஒரு தொட்டி, அதில் மாதத்துக்கு ஒரு மூட்டை உப்பு, பக்கத்தில் ஒரு உருளை. ஒவ்வொன்றின் மேலும் நீல நிற ஸ்டிக்கர்: பாப்போவிச் பிளம்பிங், போன் நம்பர். "ஏம்ப்பா, அந்த உப்பு தண்ணியில கலந்துடாதா?" என்று கேட்டவர்களிடமெல்லாம், "உப்பு தொட்டியில இருக்கு, தண்ணி குழாயில வருது, ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிரித்தே மழுப்பிவிடுவான். போன இலையுதிர்காலத்தில் கடையை விற்றான். அன்றோடு போன் அடிப்பதும் நின்றுபோனது. நாற்பது வருஷம் ஊருக்குத் தேவைப்பட்ட மனிதன், திடீரென்று டீ குடித்துக்கொண்டு ஜன்னல் வழியே பனியைப் பார்க்கிற மனிதனாகிவிட்டான். அதனால்தான் இந்தச் செடிகள்மேல் அவ்வளவு பிடிவாதம்.

நாற்றுகளைக் கொடுத்தவள் வெர்லா. தபால் ஆபீஸில் முப்பது வருஷம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவள், வாயும் அதே முத்திரைதான். அவள் வீட்டில் வளர்கிற கஞ்சாவை வெண்ணெயில் காய்ச்சித் தைலம் செய்வாள். பனித்தளத்தில் கல்லை வழுக்கவிட்டு ஆடும் கர்லிங் ஆட்டத்துக்கான ஊர்க் கிளப்பில் இருக்கிற முழங்கால்கள் எல்லாம் அந்தத் தைலத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தன. இந்த வருஷம் அவளுக்கே அலுத்துவிட்டது. "இனிமே அவனவன் முட்டிக்கு அவனவன் வளத்துக்கோங்க" என்று ஏழு வீட்டுக்கு நாற்று கொடுத்தனுப்பினாள்.

ஓரெஸ்ட், அடெல், வெர்லா, கிளிஃப். இந்த நாலு பேரும் இருபத்திரண்டு வருஷமாக ஒரே கர்லிங் அணி. பனித்தளத்தின் அந்தக் கோடியில் நின்று கல் எங்கே போக வேண்டும் என்று சொல்பவள் வெர்லா, இந்தக் கோடியிலிருந்து கல்லைத் தள்ளிவிட்டு, அது வழுக்கிப் போகத் துடைப்பத்தால் பனியைத் தேய்த்துக்கொண்டே ஓடுகிறவர்கள் மற்ற மூன்று பேர். அவள் கண் இல்லாவிட்டால் அந்த மூன்று துடைப்பமும் வீடு பெருக்கத்தான் லாயக்கு. இது ஓரெஸ்ட்டுக்கும் தெரியும்.

முதலில் வைத்தியம் சொல்ல வந்தவன் கிளிஃப். தானியக் கிடங்கில் மேனேஜராக இருந்தவன், இப்போது நாள் முழுக்க போனில் எதையாவது படித்துக்கொண்டிருப்பவன். ஒரு இலையைக் கிள்ளி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"நரம்பு பச்சை, நடுவுல மஞ்சள். மெக்னீசியம் பத்தலை. பேதி உப்பைக் கரைச்சு ஊத்து."

"செடிக்கு எதுக்குய்யா பேதி உப்பு? அதுக்கென்ன மலச்சிக்கலா?"

"போன்ல போட்டிருக்கான்."

"உன் செடி எப்படி இருக்கு?"

கிளிஃப் தொண்டையைச் செருமினான். "கொஞ்சம் மஞ்சளாதான் இருக்கு. நேத்துதான் பேதி உப்பு ஊத்தியிருக்கேன்."

ஊற்றினார்கள். செடி இன்னும் இரண்டு இலை பழுத்தது. ஓரெஸ்ட் ஒன்றரை மணி நேரம் வண்டி ஓட்டிக்கொண்டு சாஸ்கடூன் நகரத்தில் செடிச் சாமான் விற்கிற கடைக்குப் போனான். மூக்கில் மூன்று வளையம் போட்ட ஒரு பெண் அவன் காட்டிய போட்டோவைப் பார்த்து, "அடி இலையிலேர்ந்து பழுக்குதா? சத்துக் குறைவு" என்று சொல்லி ஒரு பாட்டில் மீன் கரைசலைத் தலையில் கட்டினாள். அதை ஊற்றிய அன்று வீட்டில் எழுந்த நாற்றத்துக்கு, வெளியே மைனஸ் முப்பதாக இருந்தும் அடெல் ஜன்னலைத் திறந்து வைத்தாள்.

"இதுல எது செத்திருக்கு, செடியா மீனா?" என்று கேட்டாள், கோட்டு குல்லா கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தபடி.

அப்புறம் விளக்கு பக்கத்தில் இருக்கிறது என்று சங்கிலியைப் போட்டு உயர்த்தினான். செடி விளக்கைத் தேடிக் கழுத்தை நீட்டியது, பழுப்பது நிற்கவில்லை. அப்புறம் மண்ணில் கொசுப்பூச்சி இருக்கும் என்று மஞ்சள் ஒட்டு அட்டைகளை நட்டான். அவற்றில் சிக்கியது அவனுடைய தாடி ஒன்றுதான். அடெல் கத்தரிக்கோலோடு வந்து விடுதலை வாங்கிக் கொடுத்தாள்.

கடைசியில் கிளிஃப்பின் போன் இன்னொரு யோசனை சொன்னது. கண்டதையும் ஊற்றியதில் மண்ணே கெட்டிருக்கும், நல்ல தண்ணீரை நிறைய விட்டு மண்ணைக் கழுவ வேண்டும். இதைக் கேட்டதும் ஓரெஸ்ட்டுக்கு முகமே மலர்ந்துவிட்டது. இது அவன் பேட்டை. ஸாஃப்ட்னரின் திருகை உச்சத்துக்குத் திருப்பி வைத்து, "இதுதான்டா தண்ணி, குழந்தையைக் குளிப்பாட்டலாம்" என்று சொல்லிக்கொண்டே செடிக்கு இருபது லிட்டர் வீதம் ஊற்றினான். மறுநாள் நாலு செடியும் கையெடுத்துக் கும்பிடாத குறையாகப் படுத்துவிட்டன.

அடெலுக்கு மனசு கேட்கவில்லை. அவற்றில் ஆகக் கடைசியாக, ஒரு மூலையில் குன்றிப்போய் நின்ற குட்டிச் செடியைத் தூக்கிக்கொண்டு மேலே போனாள். "இது எப்படியும் போகத்தான் போவுது. போற வழியில கொஞ்சம் வெயிலாவது பாக்கட்டும்" என்று சமையலறை ஜன்னலில், தன் வயலட் பூச்செடிகளுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஓரெஸ்ட் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. அவன் கவனமெல்லாம் போனில் இருந்தது, ஏனென்றால் ஐந்து மாதத்துக்குப் பிறகு போன் மறுபடியும் அடிக்க ஆரம்பித்திருந்தது.

முதலில் இர்மா கூப்பிட்டாள், தன் செடி மஞ்சளாகிறது என்று. பிறகு பாதிரியார் டிமிட்ரோ, அவருடைய முட்டியும் முட்டிதானே. பிறகு இன்னும் மூன்று வீடு. எல்லாரும் சொன்னது ஒன்றே: அடி இலை பழுக்குது, நுனி கருகுது, ஈரத்துல நின்னுக்கிட்டே வாடுது. "நம்ம ஊர் வெளிச்சமே வீட்டுச் செடிக்கு ஆகாது ஓரெஸ்ட்" என்று இர்மா பெருமூச்சு விட்டாள். ஊரில் எல்லாருடைய அபிப்பிராயமும் அதுதான். கார்ல்ஸ்பியில் எந்த ஜன்னலைப் பார்த்தாலும் பிளாஸ்டிக் பூதான் இருக்கும்.

ஓரெஸ்ட் யோசித்தான். நாற்பது வருஷம் ஒழுகலைத் தேடிய மூளை அது. ஏழு வீடு, ஏழு வீட்டிலும் ஒரே நோய். ஏழுக்கும் பொதுவாக இருப்பது எது? நாற்று! கோட்டை மாட்டிக்கொண்டு நேரே வெர்லாவின் வீட்டுக்கு நடந்தான்.

அந்த வீட்டு வாசலை அவன் தாண்டி உள்ளே போவதே அபூர்வம். முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் ஸாஃப்ட்னர் விற்க அந்த வாசலில் நின்று, "இந்தத் தண்ணியில குளிச்சுக் குளிச்சுத்தான் வெர்லா உன் முடி இப்படி வைக்கோலாப் போயிருக்கு" என்று சொன்னான். கதவு மூக்கின் நுனியில் வந்து சாத்திக்கொண்டது. அதற்கப்புறம் அணியில் சேர்ந்தார்கள், சிரித்தார்கள், சண்டை போட்டார்கள். ஆனால் ஊரிலேயே ஸாஃப்ட்னர் இல்லாத ஒரே வீடாக அந்த வீடு நின்றது. அவளுடைய கெண்டியைத் தூக்கினால் உள்ளே சுண்ணாம்புப் பாறை கடகடவென்று உருளும்.

"என்னய்யா பைப்பு, வழி தவறி வந்துட்டியா?" என்றாள் வெர்லா.

"உன் செடியைக் காட்டு."

காட்டினாள். பின்னறையில் நாலு செடி. ஒவ்வொரு இலையும் கை அகலம், கரும்பச்சை. ஒரு மஞ்சள் இலை இல்லை. ஓரெஸ்ட்டுக்கு வயிறு எரிந்தது. ஒரே விதை, ஒரே நாள் முளைத்தவை. இங்கே மட்டும் இப்படி என்றால் அதற்கு என்ன அர்த்தம்? அவன் மனசு அந்த நேரத்தில் ஒரே ஒரு அர்த்தத்தைத்தான் கண்டுபிடித்தது. அதை அங்கேயே கேட்டிருந்தால் இரண்டு பேரோடு போயிருக்கும். கேட்கவில்லை. புதன்கிழமை கிளப்பில், துடைப்பமும் கையுமாக ஊரே நிற்கிறபோது கேட்டான்.

"நல்லதையெல்லாம் நீ வச்சுக்கிட்டு, சொத்தையை எங்களுக்குத் தள்ளி விட்டுட்ட, இல்ல?"

எல்லாரும் வெர்லாவைப் பார்த்தார்கள். பாதிரியார்கூடப் பார்த்தார். ஒருத்தரும் 'சேச்சே, அப்படியெல்லாம் இருக்காது' என்று சொல்லவில்லை. வெர்லாவுக்கு வலித்தது அதுதான். முகம் சிவந்தது, ஆனால் குரல் உயரவில்லை.

"இருபத்தி ரெண்டு வருஷம் உங்க முட்டியைத் தேய்ச்சு விட்டவ நான். நான் சொத்தையைக் குடுப்பேனா?"

"அப்போ எல்லார் வீட்டுலயும் ஏன் சாவுது?"

"அதைக் கண்டுபிடிக்கிற புத்தி உனக்கு இருந்தா கண்டுபிடி. என் நாத்து மேல குத்தம் இல்லைன்னு நீயே இதே ஜனத்துக்கு முன்னாடி சொல்ற வரைக்கும் நான் உன்கூட ஆட மாட்டேன்." துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டுப் போய்விட்டாள்.

சீசனின் கடைசிப் போட்டிக்குப் பதினேழு நாள் இருந்தது. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, கிளப் விருந்தன்று, அணிகளின் பெயரைப் பலகையில் எழுத வேண்டும். வெர்லா இல்லாத பலகையை நினைத்துப் பார்க்கவே ஓரெஸ்ட்டுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் வீம்பு விடுமா? "அவ மன்னிப்புக் கேக்கட்டும்" என்று கிளிஃப்பிடம் சொல்லிக்கொண்டு திரிந்தான். ராத்திரி சாப்பாட்டில் மட்டும் பெரோகி என்கிற உருளைக்கிழங்குக் கொழுக்கட்டையில் ஒன்று குறைத்துச் சாப்பிட்டான்.

"கடையை வித்தப்போகூட நீ இப்படி இல்ல" என்றாள் அடெல்.

"எனக்கென்ன? நல்லாத்தான் இருக்கேன்."

"நல்லா இருக்கிற மூஞ்சியைக் கண்ணாடியில போய்ப் பாரு."

விருந்துக்கு முந்தின நாள் காலையில், கெண்டியை அடுப்பில் வைக்க வந்த ஓரெஸ்ட் சமையலறை ஜன்னலைப் பார்த்தான். பார்த்தவன் கெண்டியோடு அப்படியே நின்றான். குன்றிப்போயிருந்த குட்டிச் செடி ஒரு சாண் வளர்ந்திருந்தது. பழுத்த இலைகள் உதிர்ந்து, நடுவிலிருந்து பச்சைப்பசேலென்று புது இலைகள் ஐந்து விரலையும் விரித்துக்கொண்டு நின்றன.

"அடெல்! இங்க வா! இதுக்கு என்ன போட்ட?"

"ஒண்ணும் போடல."

"பொய் சொல்லாத. எந்த பாட்டில்?"

"பாட்டிலும் இல்ல, பேதி உப்பும் இல்ல. என் வயலட்டுக்கு ஊத்துறதைத்தான் இதுக்கும் ஊத்தினேன்." வாசல் பக்கத்தில் இருந்த வாளியைக் காட்டினாள். அதில் பனி பாதி உருகிக் கிடந்தது.

அந்த வாளியை ஓரெஸ்ட் முப்பது வருஷத்துக்கு மேலாகப் பார்த்திருக்கிறான். குளிர்காலத்தில் பனி, கோடையில் மழைத்தண்ணீர். ஏதோ பெண்பிள்ளைப் பழக்கம் என்று விட்டுவிட்டான், போகிறபோதும் வருகிறபோதும் கேலி செய்ததோடு சரி.

"குழாயில தண்ணி வரும்போது எதுக்குடி பனியை அள்ளுற?"

"உன் தண்ணியிலதான் எண்பத்தொன்பதுல என் வயலட் பூரா செத்துச்சு. சுண்ணாம்பை எடுத்துட்டு அதுக்குப் பதிலா உப்பைக் குடுக்குது உன் மெஷின். மனுஷனுக்கு ஒண்ணும் தெரியாது, சின்ன வேருக்குத் தெரியும்."

ஓரெஸ்ட் நாற்காலியில் உட்கார்ந்தான். "ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னேன். மூணு தடவை. 'உப்பு தொட்டியில இருக்கு, தண்ணி குழாயில வருது'ன்னு எனக்கே விளக்கம் குடுத்த. அப்புறம் எழுதியும் வச்சேன்."

"எங்க எழுதுன?"

"தேடிப் பாரு. நான் ஏன் சொல்லணும்?"

"இத்தனை நாள்லயாவது வாயைத் திறந்திருக்கலாம் இல்ல?"

"தண்ணியான்னு அன்னைக்கே கேட்டேன். நாப்பது வருஷம்னு சொன்ன. எனக்கும் வீம்பு இருக்காதா?"

அவன் கை தானாகப் போனை எடுத்தது. இர்மாவைக் கூப்பிட்டான்.

"இர்மா, முன்ன உங்க வீட்டு ஜன்னல்ல நிஜப் பூ இருந்துச்சே, ஜெரேனியம்?"

"அது செத்து எவ்வளவோ வருஷம் ஆச்சு. அதான் பிளாஸ்டிக் வச்சேன்."

"எந்த வருஷம் செத்துச்சு?"

"நீ மெஷின் மாட்டுன வருஷம்தான். ஏன் கேக்குற?"

"சும்மா" என்று போனை வைத்தான். பிறகு விரல் விட்டு எண்ணினான். ஏழு வீட்டு பேஸ்மெண்டிலும் அவனே மண்டி போட்டு உட்கார்ந்து மாட்டியிருக்கிறான். ஏழிலும் அவன் நீல ஸ்டிக்கர். எட்டாவது வீட்டில் மட்டும் கதவு மூக்கில் வந்து சாத்திக்கொண்டது, அந்த வீட்டில் மட்டும் இலை கை அகலம். இந்த ஊர் ஜன்னல்களில் பிளாஸ்டிக் பூ பூத்ததற்குக் காரணம் வெளிச்சம் இல்லை. ஒவ்வொரு வீட்டுக் குழாய்க்குள்ளும் அவன்தான் இருந்தான். ஐயோ, கடவுளே, என்று வாய்விட்டுச் சொன்னான்.

கிளிஃப் வந்தபோது விஷயத்தைச் சொன்னான். கிளிஃப் வெகுநேரம் தலையைச் சொறிந்தான்.

"அப்போ என் ஆறு செடியும்..."

"நாலுதான்யா சட்டம்."

"நாலுதான். மிச்சம் ரெண்டும் விருந்தாளி. சரி, இப்படிப் பண்ணுவோம். எல்லார் கிட்டயும் பனித்தண்ணி ஊத்தச் சொல்லுவோம், போன்ல போட்டிருந்தான்னு சொல்லிக்கலாம். செடி பொழைச்சுக்கும். உன் பேரு எதுக்கு வெளிய வரணும்? வெர்லா கோவம் நாளாவட்டத்துல தணிஞ்சுடும்."

ஓரெஸ்ட்டுக்கு அந்த யோசனை இனித்தது. பொய் சொல்வானேன், ரொம்பவே இனித்தது. கடைதான் போய்விட்டது, பேர் ஒன்றுதான் மிச்சம். 'பாப்போவிச் தண்ணி' என்று ஊரில் சொல்வார்களே, அதையும் எழுந்து நின்று தன் வாயாலேயே கெடுத்துக்கொள்வானா ஒருத்தன்? அடெல் பக்கம் திரும்பினான். அவள் வயலட்டுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். வெர்லா துடைப்பத்தைச் சாத்திவிட்டுப் போனபோது ஊரே அவளைப் பார்த்த பார்வை அவனுக்கு ஞாபகம் வந்தது. அந்தப் பார்வையை அவள்மேல் திருப்பிவிட்டவனே அவன்தானே.

வெள்ளிக்கிழமை கிளப் மாடியில் கூட்டம் நெரிந்தது. வெர்லா அணியை விட்டாளே தவிர சமையலறையை விடவில்லை, அவள் அளவுக்கு மாவை ஒட்டத் தெரிந்த ஆள் ஊரில் கிடையாது. பெரோகி வெந்துகொண்டிருந்தது, வெங்காயம் வெண்ணெயில் வதங்கிக்கொண்டிருந்தது. ஓரெஸ்ட் எழுந்து கரண்டியால் கண்ணாடி டம்ளரைத் தட்டினான்.

"ஒரு விஷயம் சொல்லணும்."

"சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்றார் பாதிரியார் டிமிட்ரோ, முள்கரண்டியைக் கையில் பிடித்தபடி.

"முன்னாடியே, ஃபாதர். சாப்பிட்டா தைரியம் அமுங்கிடும்." ஓரெஸ்ட் தொண்டையைக் கனைத்தான். "வெர்லா குடுத்த நாத்துல ஒரு குத்தமும் இல்ல. உங்க எல்லார் வீட்டுச் செடியையும் கொன்னது நான்தான். நான் மாட்டுன மெஷின். அந்தத் தண்ணியில உப்பு இருக்கு. குளிக்கலாம், துவைக்கலாம், செடிக்கு ஊத்தக் கூடாது. இது எனக்கு நாப்பது வருஷமாத் தெரிஞ்சிருக்கணும். தெரியல."

அப்புறம் இர்மா மெல்ல எழுந்தாள்.

"அப்போ என் ஜெரேனியம்?"

"நான்தான்."

"என் அத்தை குடுத்த எலுமிச்சை?"

"எப்போ செத்துச்சு?"

"மெஷின் மாட்டி ஆறு மாசத்துல."

"அதுவும் நான்தான்."

பாதிரியார் முள்கரண்டியைக் கீழே வைத்தார். "கோயில்ல ஈஸ்டருக்கு வாங்குற லில்லி ஒவ்வொரு வருஷமும் புனித வெள்ளிக்குள்ளயே தலை சாஞ்சுடுதே..."

"கோயில்லயும் நான்தான் ஃபாதர் மாட்டுனேன்."

"அடப்பாவி!" என்று கத்தினார் பாதிரியார். "இருபது வருஷமா என் ஜெபத்துலதான் குறைன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்!"

அவ்வளவுதான், கூரை பிய்ந்துகொண்டு போகிற மாதிரி சிரிப்பு. ஆளாளுக்குச் செத்த செடிகளின் பெயரைக் கத்தினார்கள், ஓரெஸ்ட் ஒவ்வொன்றுக்கும் "நான்தான், நான்தான்" என்று கையைத் தூக்கிக்கொண்டே இருந்தான். காது வரைக்கும் சிவந்துவிட்டது, ஆனால் நெஞ்சு லேசாக இருந்தது. சமையலறை வாசலில் வெர்லா நின்றிருந்தாள், கையில் வடிகரண்டி, முகமெல்லாம் ஆவி.

"பைப்பு, இன்னொரு தடவை சொல்லு. பின்னாடி மேஜைக்குக் கேக்கல."

"உன் நாத்துல குத்தம் இல்ல!"

"அடுப்புப் பக்கம் சத்தம். இன்னும் ஒரு தடவை."

"குத்தம் இல்ல வெர்லா! தப்பு என்னோடது! உன்னைப் பேசுன பேச்சுக்கு என்னை மன்னிச்சுடு!"

வெர்லா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு பலகையிடம் போய், பாப்போவிச் அணி என்று எழுதியிருந்த மூன்று பெயருக்கு மேலே தன் பெயரைப் பெரிசாக எழுதினாள். பிறகு அவன் மேஜைக்கு வந்தாள்.

"திங்கக்கிழமை எங்க வீட்டுக்கு வந்து அந்த எழவு மெஷினை மாட்டிக் குடு."

ஓரெஸ்ட்டுக்குக் காதில் விழுந்தது புரியவில்லை. "இப்பதானே அது என்ன பண்ணுதுன்னு சொன்னேன்?"

"செடிக்கும் குடிக்கிறதுக்கும் ஒரு குழாயை விட்டுட்டு மாட்டு. அன்னைக்கு வாசல்ல நின்னு என் முடியைப் பத்திச் சொன்னியே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"அது உண்மை. அதனாலதான் கதவைச் சாத்துனேன். முப்பத்தோரு வருஷமா வைக்கோலைச் சீவிக்கிட்டு உக்காந்திருக்கேன். எதுலயாவது ஒரு தடவை நீ தப்புன்னு ஒத்துக்குவ, அன்னைக்கு வாங்கிக்கலாம்னு இருந்தேன். இவ்வளவு நாள் நீ இழுப்பன்னு யாருய்யா கண்டா?"

போட்டியில் மூன்றாவதாக வந்தார்கள். அதற்கு முந்தின வருஷம் நாலாவது. திங்கட்கிழமை ஓரெஸ்ட் பழைய கருவிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெர்லா வீட்டுக்குப் போனான். அதிலிருந்து மார்ச் முழுக்க அவனுக்கு வேலை. போன் ஓயவே இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஸாஃப்ட்னருக்கு முன்னாலிருந்து ஒரு கிளைக்குழாய் இழுத்து, செடிக்கென்று ஒரு தனிக்குழாய் வைத்துக் கொடுத்தான். நீல ஸ்டிக்கரில் போன் நம்பருக்குக் கீழே, 'இந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றாதீர்கள்' என்று பேனாவால் எழுதினான். இர்மா பிளாஸ்டிக் பூவை எடுத்துக் குப்பையில் போட்டாள். கிளிஃப்பின் விருந்தாளிகள் இரண்டும் பிழைத்தன, வீட்டுக்காரர்கள் நாலும் போய்விட்டார்கள்.

எல்லா வீடும் முடிந்து கடைசியாகத்தான் ஓரெஸ்ட் தன் வீட்டு பேஸ்மெண்டுக்கு வந்தான். அங்கே இன்னும் இரண்டு செடி உயிரோடு இருந்தன. பனித்தண்ணீரில் புது இலை விட்டிருந்தன. அவற்றைப் பார்த்துக் கெட்ட வார்த்தை சொல்லவில்லை. பேனாவை எடுத்துக்கொண்டு தன் பழைய ஸாஃப்ட்னரின் முன்னால் மண்டி போட்டான். அவன் முதன்முதலில் மாட்டிய மெஷின், இத்தனை வருஷமாக மாதம் தவறாமல் உப்பு கொட்டி ஓட்டிய மெஷின். ஸ்டிக்கரில் தூசி படிந்திருந்தது. கட்டை விரலால் துடைத்தான். போன் நம்பருக்குக் கீழே, பென்சிலில், அடெலின் சாய்ந்த கையெழுத்து மங்கலாகத் தெரிந்தது.

'ஓரெஸ்ட், இது செடிக்கு ஆகாது. மூணு தடவை சொல்லிட்டேன். மார்ச் 1989.'

மேலே அடெல் வாளியை எடுத்துக்கொண்டு வாசல் கதவைத் திறக்கிற சத்தம் கேட்டது. ஓரெஸ்ட் அந்த வரியை இன்னொரு தடவை படித்தான். பிறகு பேனாவைத் திறந்து, அதற்குக் கீழே 'சரி' என்று எழுதி, அன்றைய தேதியைப் போட்டான்.